தேயிலைக்கு முன்பே கோப்பிக்குப் போனவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், இலங்கை மலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் முதல் பத்தியிலேயே, 1867-ல் இலங்கையில் தேயிலை பயிரிட்ட வெள்ளையர்கள் அதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்குள் நாற்பது ஆண்டு வரலாறு விழுந்து மறைந்துவிட்டது.

எனக்கு இது உறைப்பதற்குக் காரணம் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. எங்கள் பூர்விகம் புதுக்கோட்டைப் பக்கம். தாது வருஷம் மாசி மாதம், அதாவது 1877-ல், பஞ்சத்தின் நடுவே எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று எங்களிடம் உள்ளது. அண்ணன் தம்பி மூவரில் இரண்டாமவர் கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கை மலைநாட்டுக்கு, போயிருப்பதால் அவருடைய பங்கு நிலம் மூத்தவர் பொறுப்பில் இருக்கட்டும் என்கிறது அது. என் பாட்டி அவரைத் 'தேயிலைக்குப் போனவர்' என்றுதான் சொல்வார். 1875-ல் இலங்கை முழுவதும் தேயிலை சுமார் ஆயிரம் ஏக்கர்தான். கோப்பியோ அந்தப் பத்தாண்டின் முடிவில் 2.5 லட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. எங்கள் இரண்டாமவர் பறித்தது கோப்பிப் பழமாகத்தான் இருக்க வேண்டும். (அங்கே அதற்குப் பெயர் கோப்பி. மாம்பலத்தில் டபராவில் வருவதுதான் காபி.)

கண்டி 1815-ல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1820-களில் கம்பளைக்கு அருகே ஜார்ஜ் பேர்ட் என்பவர் தோட்டம் போட்டார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸே கன்னொறுவையில் கோப்பி வைத்தார். ஆளுநரே தோட்டக்காரர் ஆகிவிட்டால் சாலைக்கு என்ன குறை? கொழும்பு – கண்டிச் சாலை அவர் காலத்தில் போட்டதுதான். ஆனால் உண்மையான வெறி பிறகுதான் பிடித்தது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்து அங்கே கோப்பி சரிந்தது. 1835-ல் இங்கிலாந்து, மேற்கிந்தியக் கோப்பிக்குக் காட்டிவந்த சுங்கச் சலுகையை எடுத்துவிட்டது. ஜமைக்காவில் தொழில் கற்ற டைட்லர் 1837-ல் வந்து அந்த ஊர்ப் பயிர் முறையை இலங்கையில் புகுத்தினார். அடிமைகள் விடுதலையானதன் பலன் சுற்றிவளைத்து நம் ஊர்க் கூலிகளின் தலையில் வந்து விடிந்தது.

1840-ல் வந்த 12-ஆம் எண் அவசரச் சட்டத்தைக் கட்டுரை தொடவே இல்லை. உரிமைக்குச் சான்று காட்ட முடியாத காடும் தரிசும் அரசுக்குச் சொந்தம் என்றது அது. தலைமுறை தலைமுறையாகக் காட்டை வெட்டி எரித்து, இடம் மாற்றி மாற்றிச் சேனைப் பயிர் செய்த சிங்களக் குடியானவனிடம் காகிதம் ஏது? நிலம் ஏக்கர் ஐந்து ஷில்லிங் விலையில் போனது. வாங்கியவர்களில் ராணுவத்தார், அதிகாரிகள், நீதிபதிகள், பாதிரிமார் எல்லோரும் உண்டு. ஆள் தேடும்போது, 'சிங்களவன் சோம்பேறி, கூலிக்கு வரமாட்டான்' என்று துரைமார், அதாவது வெள்ளைத் தோட்டக்காரர்கள், குறைபட்டுக்கொண்டார்கள். இந்த வசவை இன்றும் நம் மேடைகளில் கேட்கிறேன். தன் வயலும், கொல்லையில் தன் கோப்பிச் செடியும் இருப்பவன் அற்பக் கூலிக்கு எதற்கு இன்னொருவன் தோட்டத்துக்குப் போக வேண்டும்? அவன் வீட்டுக் கொல்லைக் கோப்பியும் நிறையவே கப்பல் ஏறியது.

ஆகவே தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணிகள் திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் என்று வந்தார்கள். முன்பணம், அதாவது கடன், கொடுத்து உறவுக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் கூட்டிச்சென்றார்கள். ராமேசுவரம் பக்கம் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கினால், அங்கிருந்து மாத்தளை வரை காட்டு வழி நடை. ரயில் கண்டிக்கு வந்ததே 1867-ல்தான், அதுவும் கொழும்பிலிருந்து. மன்னார்ப் பாதையில் காலராவும் காய்ச்சலும் பட்டினியும் எத்தனை பேரைக் கொண்டுபோயின என்பதற்கு ஒழுங்கான கணக்கு கிடையாது. 2023-ல், முன்னோர் வந்த இருநூறாண்டு நினைவாக மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தே போனார்கள். நம் ஊர்ப் பத்திரிகைகளில் அது எத்தனை வரி வந்தது என்று கேட்டால் சங்கடம்.

கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலத்தில்தான் ஆள் நிறைய வேண்டும். பறிப்பு முடிந்தால் பலர் ஊருக்கே திரும்பிவிடுவார்கள். தேயிலைக்குக் கொழுந்து ஆண்டு முழுக்க வேண்டும். ஆகவே குடும்பத்தோடு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கினார்கள். 'வந்து போகிறவர்கள்' என்ற முத்திரை குத்தப்பட்டதற்கு இந்தக் கோப்பிக் காலப் போக்குவரத்து ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம். பயிரின் சுபாவத்தை மனிதர்களின் சுபாவமாக எழுதிவைத்துவிட்டார்கள்.

இலைத் துரு நோய் பற்றியும் ஒரு திருத்தம். 1869-ல் நோய் வந்தது, கோப்பி அழிந்தது என்று கட்டுரை ஓடிவிடுகிறது. மடுல்சீமையில் முதலில் கண்ட அந்தப் பூஞ்சை, இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடியாகப் படிந்து இலையை உதிர்த்தது உண்மை. ஆனால் விலை ஏறிக்கொண்டே போனதால் துரைமார் அசையவில்லை. விளைச்சல் குறையக் குறைய டிம்புள, மஸ்கெலியா என்று மலைப்பகுதிகளில் மேலும் மேலும் காட்டை வெட்டினார்கள். 1880-ல் வந்த மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர், நோயைப் பரப்பும் நுண்விதைகள் காற்றில் பறக்கின்றன என்று காட்டினார். மலை மலையாக ஒரே செடியை நட்டுவைத்தால் காற்றுக்கு வேறு என்ன வேலை? 1884 மே மாதம், தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி கதவைச் சாத்தியது. பட்ட கோப்பி மரங்களை இங்கிலாந்துக்கு அனுப்பித் தேநீர் மேசைக்குக் கால் செய்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கூலிப் பாக்கியோடு ஊர் திரும்பியவர்களைப் பற்றி அப்படிச் சுவாரசியமான கதை எதுவும் இல்லை.

சென்னைவாசியாக எனக்கு ஒன்று தோன்றுகிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860-ல் முதல் கூலிகளை ஏற்றிச்சென்ற ட்ரூரோ கப்பல் நம் சென்னைக் கரையிலிருந்துதான் புறப்பட்டது. மொரீஷியசுக்குப் போனவர்களுக்கும் ஒப்பந்தம், எண், பதிவேடு எல்லாம் உண்டு. பேரப்பிள்ளைகள் இன்று அங்கே ஆவணக் காப்பகத்தில் கொள்ளுத்தாத்தாவைத் தேடி எடுக்கிறார்கள். கண்டிக்குப் போனவர்கள் சென்னையைக் கண்ணால் பார்த்தவர்கள் அல்லர். ஒப்பந்தமும் இல்லை; கங்காணியின் வாய்ச்சொல்லும் கடனும்தான். செக்ரோல் என்ற தோட்டத்து வருகைப் பதிவேட்டில் 'பேர்' என்றால் ஒரு நாள் கூலி, 'அரைப்பேர்' என்றால் பாதிக் கூலி. பிற்காலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. அதில் இருந்ததும் கடன் கணக்குதான். 1921-ல் அதை ஒழித்தார்கள்.

இப்படிப்பட்டவர்களிடம்தான் 1948-ன் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, அல்லது தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. காகிதம் இல்லாவிட்டால் நிலம் இல்லை என்று 1840-ல் வெள்ளைக்காரன் சிங்களக் குடியானவனிடம் சொன்னான். 108 ஆண்டு கழித்து, காகிதம் இல்லாவிட்டால் நாடு இல்லை என்று சுதந்திர இலங்கை தமிழ்க் கூலியிடம் சொன்னது. 1964-ல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இங்கே, 3,00,000 பேர் அங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். எண்கள் எவ்வளவு வழவழப்பாக இருக்கின்றன பாருங்கள்.

ஆகவே அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட வேண்டுகிறேன்: தமிழர்கள் முதலில் போனது கோப்பிக்கு, தேயிலைக்கு அல்ல. முடிந்தால் யாராவது ஓர் இளைஞரை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பி, மதராஸ் மாகாணக் கோப்புகளில் கண்டிப் பயணிகளைப் பற்றி இருப்பதைத் தொடராக எழுதச் சொல்லுங்கள். ராமேசுவரம் ரயில் புறப்படும் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது அந்தக் கட்டடம்.

பத்திரத்தைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். இரண்டாமவரின் பங்கு நிலத்தை என் தந்தை 1971-ல் விற்றார். அந்த 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட 'தாயகம் திரும்பியோர்' ராமேசுவரத்தில் கப்பல் கப்பலாக இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. கிரயப் பத்திரத்தை நான்தான் படித்துப் பார்த்துச் சரி சொன்னேன். அதில் இரண்டாமவரின் பெயர் எங்கும் வரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மேற்கு மாம்பலம், சென்னை.