செல்லியை வகுப்பில் சேர்க்கும் முன்

அன்புள்ள மீனாட்சிக்கு,

காப்பகத்திலிருந்து ஒரு நாயை அழைத்துவந்து வளர்க்க வேண்டும் என்று நீ நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது நடந்தேவிட்டது என்பதை உன் கடிதத்தில் படித்து மிகவும் மகிழ்ந்தேன். செல்லிக்கு மூன்று வயதிருக்கும் என்றும், உரத்த குரல் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்குகிறாள் என்றும், தெருவில் வேறு நாயைக் கண்டால் கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்கிறாள் என்றும் எழுதியிருக்கிறாய். அவளைப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருப்பதால், என் நாய் மணியோடு வகுப்புக்குப் போய்வருவதில் நான் கண்டதையும் அதை ஒட்டிப் படித்ததையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சேர்க்கலாம், ஆனால் அவசரம் வேண்டாம். புது வீட்டின் ஒலிகளும் வாசனைகளும் மனிதர்களும் அவளுக்குப் பழகச் சில வாரங்கள் போகட்டும். அதற்குள் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை முழுமையாகக் காட்டிவிடு, ஏனெனில் காதில் புண்ணோ மூட்டில் வலியோ உள்ள நாய் தொட்டவுடன் உறுமினால் அதற்கு வேண்டியது வைத்தியமே தவிரப் பயிற்சி அல்ல.

நாய்க்குட்டி உலகத்தோடு பழகிக்கொள்ளும் முக்கியமான பருவம் பிறந்த 3ஆவது வாரத்தில் தொடங்கி ஏறத்தாழ 12 முதல் 14 வாரங்களுக்குள் முடிந்துவிடுகிறது. அந்த வாரங்களில் பலவகை மனிதர்களையும் பிற நாய்களையும் அச்சமின்றிச் சந்திக்க வாய்ப்பில்லாமல் வளர்ந்த நாய்க்குப் பின்னாளில் புதியவை பலவும் ஆபத்தாகவே தோன்றக்கூடும். செல்லியின் இளமை எப்படிக் கழிந்தது என்று நமக்குத் தெரியாது என்றாலும், அவள் பாய்வதைத் திமிர் என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதே. கயிற்றில் கட்டுண்டு, ஓடிவிலக வழியில்லாத நாய், எதிரே வருவதை விரட்டிவிடப் பார்ப்பது பெரும்பாலும் பயத்தினால்தான்.

வகுப்பின் தொடக்க நாட்களில், வீட்டில் ஆவலோடு தின்னும் இறைச்சித் துண்டை மணி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பயிற்றுநர் அதைக் கவனித்ததும், எங்களை மைதானத்தின் கடைசி மூலைக்கு அனுப்பிவிட்டார். அச்சம் மிகும்போது உடல் தப்பிப்பதற்கே ஆயத்தமாகிறது, பசி அடங்கிவிடுகிறது, அந்த நிலையில் ‘உட்கார்’ என்ற சொல் காதில் விழுந்தாலும் மனத்தில் ஏறாது என்று அவர் விளக்கினார். ஆகவே அங்கே நாங்கள் முதலில் பழகியது கட்டளை எதையும் அல்ல. தொலைவில் ஒரு நாய் கண்ணில் படும்போதெல்லாம் மணிக்குத் தின்ன ஒரு துண்டு கொடுப்பேன். அது மறைந்ததும் நிறுத்திக்கொள்வேன். செரிமானத்தை ஆராய்ந்து 1904இல் நோபல் பரிசு பெற்ற இவான் பாவ்லோவ், உணவோடு சேர்ந்து வரும் ஓசைக்கே நாய்க்கு எச்சில் ஊறுவதைக் காட்டினார் அல்லவா, அதே இணைப்புதான் இங்கும் வேலை செய்கிறது. மணி துண்டை நிம்மதியாகத் தின்னும் தொலைவு எதுவோ அங்கிருந்து தொடங்கி, அவன் பதற்றமில்லாமல் நிற்கும் அளவுக்கு மட்டுமே மற்ற நாய்களை நெருங்கிச் சென்றோம். களைப்பில்லாமல் விடும் கொட்டாவி, உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிதல் ஆகியவை போதும் என்று நாய் சொல்லும் அடையாளங்கள். உறுமலுக்கு முன்பே இவற்றைக் கண்டுகொள்ளப் பழகிக்கொள்.

மீனாட்சி, நான் மிகவும் கவலையோடு எழுதுவது இதைத்தான்: வகுப்பில் அசையாமல் நிற்கும் நாயெல்லாம் கற்றுக்கொண்ட நாய் அல்ல. 1967இல் உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் வெளியிட்ட ஆய்வில், தப்பிக்கவே முடியாதபடி மின்னதிர்ச்சி பெற்ற நாய்களில் பல, பிறகு ஒரு தடுப்பைத் தாண்டினால் தப்பலாம் என்ற நிலையிலும் முயலாமல் அப்படியே கிடந்தன. கழுத்தை நெரிக்கும் சங்கிலியால் சுண்டி இழுத்து அடக்கப்பட்ட நாயின் அமைதியைக் காணும்போது எனக்கு அந்த நாய்களின் நினைவு வந்து மனம் கனக்கிறது. ஏற்கெனவே கைவிடப்பட்டு நொந்த ஓர் உயிருக்கு, நம்பி வந்த கையே வலியைத் தருவது பெருங்கொடுமை. விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், எல்லா நாய்களுக்கும் வெகுமதி வழிப் பயிற்சியே தரப்பட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

எனவே முதல் தடவை செல்லியை வீட்டில் விட்டுவிட்டு நீ மட்டும் சென்று ஒரு வகுப்பை முழுவதும் பார். நாய்களுக்கிடையே போதிய இடைவெளி இருக்கிறதா, மிரண்ட நாயை விலகி நிற்க விடுகிறார்களா என்று கவனி. ஆட்கள் மிகுந்த வகுப்பாக இருந்தால், தொடக்கத்தில் தனியாகக் கற்பிக்க முடியுமா என்று கேள். இழுக்கும் பழக்கம் உள்ளவளாதலால் கழுத்துப்பட்டையைவிட மார்புப்பட்டை அவளுக்கு நல்லது. வெகுமதியைச் சரியான செயல் நடந்த மறுநொடியே கொடுத்துவிட வேண்டும்; உட்கார்ந்தவள் எழுந்த பிறகு கொடுத்தால் எழுந்ததற்கே பரிசு கிடைத்ததாகிவிடும்.

மணி இப்போது எதிரே நாய் வந்தால் அதைப் பார்த்துவிட்டு உடனே என் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறான். சைக்கிளுக்கு மட்டும் இன்னும் அஞ்சுகிறான். அதற்கான பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. நீ வகுப்பைப் பார்த்துவிட்டு வந்ததும் எனக்கு எழுது. நாய் சொன்னபடி செய்யாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அந்தப் பயிற்றுநரிடம் அவசியம் கேள். அவர் தரும் பதிலை ஒரு வார்த்தை விடாமல் எழுது.

அன்புடன்,
வசந்தா