பயறும் களமும் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்.

திருத்துறைப்பூண்டி வட்டத்தில் உள்ள எங்கள் சிற்றூரின் இளையோர் விளையாட்டு மன்றத்துக்கு, மாலைப் பயிற்சிக்காகவும் சிற்றுணவுக்காகவும் மூன்று ஆண்டுகள் நிதி கொடுத்து வரும் நிறுவனத்தாருக்கும், அந்த நிதி பிள்ளைகளிடம் முழுமையாகப் போய்ச் சேர உழைத்த ஊராருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். வரும் மார்ச் மாதத்தோடு நிதிக்காலம் முடிகிறது. கணக்கை முடித்துவிட்டு எழுதினால் அது ஒரு சடங்காகிவிடும் என்று தோன்றியதால், களத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதிவிட விரும்பினேன். தங்கள் பெயரைப் பலகையிலோ பனியனிலோ போட வேண்டாம் என்று நிறுவனத்தார் முதல் கூட்டத்திலேயே கேட்டுக்கொண்டார்கள். அதனால் இங்கும் அதைச் சொல்லவில்லை.

உண்மையில் நாங்கள் முதலில் கேட்டது உணவு அல்ல. பெண்கள் கபடி அணிக்கு விரிப்புப் பாயும், சீருடையும், காலணியும் வேண்டும் என்றுதான் விண்ணப்பம் எழுதியிருந்தோம். மண் தரையில் விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, பாய் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பியிருந்தேன். அந்த விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுவனத்தின் சமூகப் பொறுப்புப் பிரிவிலிருந்து ஓர் அம்மையார் புரட்டாசி மாதத்து மாலை ஒன்றில் எங்கள் பயிற்சியைப் பார்க்க வந்தார். நாற்காலி கொண்டுவரச் சொன்னதை மறுத்துவிட்டு, களத்தை ஒட்டிய வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்கு நடந்ததை நான் மறக்க மாட்டேன். பதினோராம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி, எங்கள் அணியிலேயே மூச்சை நன்றாக அடக்கத் தெரிந்தவள், பாடிப் போய்விட்டுத் திரும்பி நடுக்கோட்டைத் தொட்டவுடன் அப்படியே தலையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள். "கண்ண இருட்டிக்கிட்டு வருதுக்கா" என்றாள். நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். அம்மையார் வரப்பிலிருந்து இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். டீ குடித்தேன் என்றாள். மதியம் என்று கேட்டதற்கு அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "அம்மா விடியக்காலையிலேயே நடவுக்குப் போயிட்டாங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள். இரண்டு ஆண்டுகளாக அவளுக்குப் பயிற்சி கொடுத்துவந்த நான், அந்தக் கேள்வியை ஒரு நாளும் கேட்டதில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு கொடுப்பதில் நம் மாநிலத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. காமராசர் 1956-இல் தொடங்கிவைத்த மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982-இல் கொண்டுவந்த சத்துணவும் எங்கள் அம்மாக்களையும் எங்களையும் வளர்த்தவை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டதும் எங்களுக்குப் பக்கத்தில் உள்ள திருக்குவளையில்தான், 2023 ஆகஸ்ட் 25 அன்று. ஆனால் காலை உணவு ஐந்தாம் வகுப்போடும், சத்துணவு பத்தாம் வகுப்போடும் நின்றுவிடுகின்றன. வளர்கிற உடம்புக்கு மிகுதியாகத் தேவைப்படும் வயதில், அதுவும் நடவும் களையெடுப்பும் அறுவடையும் அம்மாக்களை இருட்டோடு வயலுக்கு இழுத்துக்கொண்டு போகும் மாதங்களில், மேல்நிலை வகுப்புப் பெண் ஒருத்தி டீயோடு பகலைக் கடத்திவிட்டு ஐந்து மணிக்குக் கபடி ஆட வருகிறாள். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்றாக அசைத்து விளையாட வேண்டும் என்கிறது. வயிற்றில் ஒன்றும் இல்லாமல் அந்த 60 நிமிடத்தை எப்படிக் கேட்பது?

அம்மையார் அன்று இரவே தொலைபேசியில் பேசினார். 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் தங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது என்பதையும், அந்தப் பணிகள் அடங்கிய அட்டவணையில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சி இருப்பதைப் போலவே பசியையும் ஊட்டச்சத்துக் குறைவையும் போக்குவதும் இருக்கிறது என்பதையும் பொறுமையாக எடுத்துச் சொல்லி, விண்ணப்பத்தை மாற்றி எழுதுமாறு கேட்டுக்கொண்டார். பாய்க்கு ஒதுக்க நினைத்த தொகை முழுவதும் மூன்று ஆண்டுச் சிற்றுணவாக மாறியது. நிழற்படத்தில் எடுப்பாகத் தெரியும் பொருளை விட்டுவிட்டு, சாப்பிட்டவுடன் மறைந்துவிடும் பொருளுக்குப் பணம் கொடுக்கத் தங்கள் மேலாளர்களைச் சம்மதிக்க வைத்தாரே, அதற்காக அவருக்கு என் முதல் நன்றி. முன்னொரு முறை வேறொரு நிறுவனத்தார் பதாகையோடு வந்து, சீருடை கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சீருடை ஒரு மழைக்காலத்தில் சாயம் போனது. கொடுத்ததைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. வந்து உட்கார்ந்து பார்ப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

எங்களைப் போன்ற ஊர் மன்றத்துக்கு இந்த நிதி நேராக வர வழியில்லை. வரிவிலக்குப் பதிவும் மூன்று ஆண்டுப் பணி அனுபவமும் உள்ள, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெறுவதற்கென 2021 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்ட சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்துகொண்ட அமைப்பு ஒன்றின் வழியாகத்தான் வர வேண்டும். அப்படிப் பாலமாக நின்ற அறக்கட்டளையின் கணக்கர், தேங்காய் வாங்கிய துண்டுச்சீட்டு வரை கேட்டு வாங்கி ஒட்டிவைத்தார். தொடக்கத்தில் எங்களுக்கு அது தொல்லையாகத் தெரிந்தது. இரண்டாம் ஆண்டுத் தவணை ஒரு நாளும் தாமதமாகாமல் வந்தபோது அவருடைய உழைப்பு புரிந்தது.

இனி எங்கள் மகளிர் குழுவினருக்கு. டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாட்கள் முன்பாகவே வயலின் ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளிப்பது வழக்கம். நெல் அறுத்த தாளுக்கு நடுவே அது முளைத்து வளர்ந்து, பங்குனியில் கைக்கு வரும். இந்தப் பயறைத்தான் வாங்குவோம், கடையில் மூட்டை வாங்க வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் குழுப் பெண்களே. நிறுவனம் கொடுத்த பணம் ஊர் விவசாயியின் கைக்குப் போய், அவர் வயலில் விளைந்தது அவர் மகள் கைக்கு வந்தது. முதல் நாள் காலையில் ஊறவைத்து, மாலையில் வடித்து வெள்ளைத் துணியில் முடிந்து தொங்கவிட்டு, மறுநாள் முளைவிட்ட பிறகு அரைவேக்காடாக ஆவியில் வைத்து, தேங்காய்த் துருவலும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, நாலரை மணிக்குச் சூடாகக் கொண்டுவருவார்கள். முளைகட்டிய பயறிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு பிடித்துக்கொள்ள அந்த எலுமிச்சை உதவுகிறது, உடனே டீ குடித்தால் அது கெட்டுவிடுகிறது என்று செவிலியர் ஒரு முறை சொன்னதுதான். அன்றிலிருந்து களத்துப் பக்கம் டீத் தூக்கு வரவே இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் முருங்கைக்கீரை அடை. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் ஊர் முருங்கை மரங்களையெல்லாம் ஒடித்துப் போட்ட பிறகு வீட்டுக்கு வீடு நட்ட போத்துகள் இன்று கூரைக்கு மேல் நிற்கின்றன. கீரைக்கு நாங்கள் ஒரு ரூபாயும் கொடுத்ததில்லை.

கிராம சுகாதார செவிலியரைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பதாகக் கண்டது. எங்கள் பெண்களுக்கு அவர் இரத்தப் பரிசோதனை செய்தபோது, ஹீமோகுளோபின் அளவு 12 கிராமுக்கு மேல் இருந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். வாரம் ஒரு முறை வளரிளம் பருவத்தினருக்குக் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை பள்ளியில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்று பலர் அதை வாய்க்காலில் எறிந்திருக்கிறார்கள். அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. சுண்டல் சாப்பிட்ட பிறகு, தன் கண்ணெதிரே, கதை பேசிக்கொண்டே விழுங்க வைத்தார். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டார். அன்றைக்குக் குந்திவிட்ட பெண்ணுக்கு 9 கிராம் இருந்தது. பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குப் போகும்போது 12-ஐத் தொட்டிருந்தது. அந்தச் சீட்டை அவள் என்னிடம் கொண்டுவந்து காட்டியபோது இருவராலும் சற்று நேரம் பேச முடியவில்லை.

தன் நெற்களத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்த பெரியவருக்கும், அதன் ஒரு பக்கத்தில் மணலும் மரத்தூளும் கொட்டிக் கபடித் தரை அமைத்துக் கொடுத்த இளைஞர்களுக்கும் நன்றி. அறுவடை நாட்களில் களம் அவருக்கே வேண்டியிருக்கும். அப்போது நாங்கள் ஆற்றங்கரைச் சாலையில் ஓடுவோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பள்ளித் தாழ்வாரத்தைத் திறந்துவிட்ட தலைமையாசிரியருக்கும் நன்றி. பக்கத்துக் குடியிருப்புப் பெண்கள் பயிற்சி முடிந்து ஆறே காலுக்குப் போகும் டவுன் பஸ்ஸை, நிறுத்தத்தில் மட்டும் அல்லாமல் களத்தின் எதிரிலும் நிறுத்தி ஏற்றிக்கொண்ட ஓட்டுநர் அண்ணனுக்கும் நடத்துநர் அண்ணனுக்கும் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. இருட்டுவதற்குள் பெண் வீட்டுக்கு வருவாளா என்ற ஒரே கேள்வியால் மறுத்துக்கொண்டிருந்த அப்பாக்களுக்கு, அந்த பஸ்தான் பதிலாக இருந்தது.

நாங்கள் இன்னும் மாவட்டப் போட்டியில் இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. நிறுவனத்துக்கு அனுப்பிய அறிக்கையிலும் அதை மறைக்காமல் எழுதினோம். கோப்பையைப் பற்றி அவர்கள் ஒரு முறையும் கேட்கவில்லை, வருகைப் பதிவேட்டையும் இரத்தப் பரிசோதனை விவரத்தையும்தான் கேட்டார்கள்.

மார்ச்சுக்குப் பிறகு என்ன என்று அம்மையார் சென்ற மாதம் கேட்டார். மகளிர் குழு கூடிப் பேசி, பயறு தெளிக்கும் ஒவ்வொரு வீடும் பங்குனியில் ஒரு மரக்கால் பயறு பிள்ளைகளுக்கென்று ஒதுக்குவதாக ஒப்புக்கொண்டிருக்கிறது. தேங்காயை முறை வைத்துக் கொடுக்கப் போகிறார்கள். முதல் மரக்கால் அளக்கும் நாளில், உதவிய நீங்கள் எல்லோரும் ஊருக்கு வர வேண்டும். நாலரை மணிக்குச் சுண்டல் தயாராக இருக்கும். அம்மையார் உட்கார்ந்த அந்த வரப்பில்தான் பாய் விரித்து வைக்கிறோம்.

மிகுந்த நன்றியுடன்,
மகளிர் கபடி அணிப் பொறுப்பாளர்,
இளையோர் விளையாட்டு மன்றத்துக்காக.