‘பரீட்சைக்கு வராது’ என்பது பதிலா?

செட்டிநாட்டு உயர்நிலைப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் வங்கி வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். சாயங்காலமானால் என் வீட்டுத் திண்ணையில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூடிவிடுவார்கள். டியூஷன் எல்லாம் இல்லை. வகுப்பில் கேட்க முடியாததைக் கேட்க வருகிறார்கள்.

போன மாதம் ஒரு பெண் கேட்டாள்: “ஐயா, எங்கப்பா ஆத்தங்குடியில டைல்ஸ் செய்யுறாங்க. சிமெண்ட் காய்ஞ்சாத்தானே இறுகும்? அப்புறம் ஏன் தண்ணித் தொட்டியில முக்கி வைக்கிறாங்க?”

“சூடு தணியத்தாம்மா” என்று சமாளித்தேன். அவள் நம்பவில்லை. எனக்கும் மனசு கேட்காமல் பட்டறைக்கே போய்ப் பார்த்தேன். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறார்கள். நெருப்பே கிடையாது. விசாரித்துப் படித்த பிறகுதான் புரிந்தது: சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. ஈரம் சீக்கிரம் போய்விட்டால் வினை பாதியில் நின்று கல் வலுவில்லாமல் போகும். அதற்குத்தான் தொட்டி. நம் பழைய வீட்டுச் சுவர்களின் சுண்ணாம்போ வேறு வகை. அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி மெல்ல மெல்லக் கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது.

இதே கேள்வியை வகுப்பில் கேட்டபோது அவளுக்குக் கிடைத்தது, “பரீட்சைக்கு வராது, உட்காரு.”

மைனசை மைனசால் பெருக்கினால் ஏன் பிளஸ் என்று ஒரு பையன் கேட்டான். இது எனக்குப் பழகிய சமாச்சாரம். மூன்று ரூபாய்க் கடன்சீட்டு இரண்டைக் கிழித்துப் போட்டால் உனக்கு ஆறு ரூபாய் லாபமா இல்லையா என்றேன். சிரித்துவிட்டான்.

இன்னொருவன், “இம்மாம்பெரிய வீட்டைக் கட்டிட்டு ஏன் பூட்டி வச்சிருக்காங்க?” என்றான். 1930-களில் அரிசி விலை விழுந்து, இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்கள் பர்மாவில் கொடுத்த கடன் வராமல் போனதையும், 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததையும் சொன்னேன். புத்தகத்தில் படிக்கிற உலகப் பொருளாதாரப் பெருமந்தம் அவன் தெருவிலேயே பூட்டிக் கிடக்கிறது!

போர்ஷன் முடிக்கிற அவசரம் உங்களுக்கு இருக்கிறது, தெரியும். வாரத்தில் ஒரு பீரியடு, வெள்ளிக்கிழமை கடைசி பீரியடாக இருந்தாலும் சரி, கேள்விகளுக்கு மட்டும் ஒதுக்குங்கள். பேர் எழுதாமல் சீட்டில் எழுதிப் போடட்டும், கூச்சப்படும் பிள்ளையும் கேட்கும். பதில் தெரியாவிட்டால் “பார்த்துச் சொல்றேன்” என்று சொல்லுங்கள். என்னைப் போல் சமாளிக்க வேண்டாம். துரு பற்றிய கேள்வி வந்தால், வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் ஊரிலேயே இருக்கிறது. அரிமானம், அதாவது உலோகம் துருப்பிடித்து அரிபடுவது, அவர்கள் ஆராய்கிற விஷயம்தான், எழுதிக் கேட்கலாம்.

என்னால் பதில் சொல்ல முடியாத சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். எந்தப் பள்ளி கேட்டாலும் நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு திண்ணைக்காரன், காரைக்குடி