நம்ம மீன் சங்கம் - 2023-24 ஆண்டறிக்கை

தலைவர் அண்ணன், பொருளாளர் அக்கா, கொளத்தூர், பெரவள்ளூர், ரெட்டேரி, வியாசர்பாடின்னு எல்லா பக்கத்துல இருந்தும் ஞாயித்துக்கிழமை வியாபாரத்தையும் விட்டுட்டு மொட்டை மாடி ஏறி வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவ அக்கா தனியா படிப்பாங்க, நான் அதுக்குள்ள போகல. மாசக் கூட்டம் டிசம்பர் ஒண்ணு தவிர எல்லா மாசமும் நடந்துச்சு, சந்தா பாக்கி இருக்கிறவங்க இன்னிக்கே கட்டிடுங்க. இந்த வருஷம் நாம உருப்படியா செஞ்சது என்னன்னு கேட்டா, மீனுக்கு போடற பழ ஈய வளர்க்கறதுக்கு, அந்த ஈக்கு தீனி நாமளே காய்ச்ச கத்துக்கிட்டோம், அதத்தான் நான் விவரமா சொல்லப் போறேன்.

எதுக்கு ஈன்னு இன்னும் சில பேர் கேக்கறீங்க. சாக்கடை ஓரத்துல எடுக்கிற புழுவ எவ்ளோ அலசினாலும் அதோட சேந்து நோயும் தொட்டிக்குள்ள வந்துடுது, கொசுப்புழு வளர்த்தா டெங்கு வரப்போறது நம்ம தெரு புள்ளைங்களுக்குத்தான். பழ ஈ அப்படி இல்ல. நாம வளர்க்கறது பறக்க முடியாத குட்டை இறக்கை ஈ. ரெண்டரை மில்லிமீட்டர் இருக்கும், ஒன்றரை மாசத்துக்கு மேல ஆன ஃபைட்டருக்கு, அதாவது சண்டை மீனுக்கு, வாய்க்கு சரியா இருக்கும், தண்ணி மேல தட்டி விட்டா மிதக்கும், மீனு கீழ இருந்து ஒரே பாய்ச்சல்ல வந்து எடுக்கும். பொரிச்ச குஞ்சுக்கு எப்பவும் போல ஆர்டீமியாங்கிற பொடி இறால் குஞ்சுதான், அதுல மாத்தம் இல்ல.

ஏப்ரல்ல முதல் தடவ காய்ச்சினது நான்தான். மக்காச்சோள மாவு கேட்டேன், கடையில வெள்ளை கார்ன்ஃப்ளார் குடுத்தாங்க, அது வேற இது வேறன்னு அப்ப எனக்கும் தெரியாது. காய்ச்சினா போஸ்டர் ஒட்டுற பசை மாதிரி வந்துச்சு, விட்ட ஈ எல்லாம் கால் மாட்டிக்கிட்டு அதுலயே செத்துப் போச்சு. அப்புறம்தான் நம்ம உறுப்பினர் ஒருத்தரோட பொண்ணு, விலங்கியல் படிக்குது, மைசூர் பல்கலைக்கழகத்துல ஈ ஆராய்ச்சிக்கு ரவைதான் போடறாங்கன்னு அளவோட எழுதிக் குடுத்துச்சு. 1 லிட்டர் தண்ணிக்கு ரவை 100 கிராம், வெல்லம் 100 கிராம், கடல்பாசி (அகர் அகர்) 10 கிராம், பூஞ்சை வராம இருக்க ப்ரோப்பியானிக் ஆசிட் 7.5 மில்லி. அந்த ஆசிட் தோல்ல பட்டா சுடும், சின்ன புள்ளைங்க இருக்கிற வீட்டுல வேணாம்னு நாம வினிகர் 50 மில்லிக்கு மாறிட்டோம், ஆசிட் அளவுக்கு தாங்காது, ஆனா ஒரு சுத்து ஈ எடுக்கிற வரைக்கும் நமக்கு போதுமா இருக்கு.

கடல்பாசி நோன்பு மாசத்துல மண்ணடில நல்லதா கெடைக்கும், வீட்டுல இனிப்பு செய்யறதுக்கு வாங்குவாங்களே அதேதான். வேற ஒரு இடத்துல மலிவா வாங்கின பவுடர் உறையவே இல்ல, ரெண்டு பேட்ச் கொட்ட வேண்டியதா போச்சு. நல்ல சரக்கா இருந்தாலும் கொதி வந்தாத்தான் கரையும், 40 டிகிரிக்கு கீழ இறங்கினாத்தான் உறையும். அதனால முதல்ல கடல்பாசி தண்ணில நல்லா கரையணும், அப்புறம் வடிகட்டின வெல்லப்பாகு, அப்புறம் ரவைய உப்புமாவுக்கு தூவற மாதிரி தூவி கட்டி விழாம கிளறி, கரண்டிய எடுத்தா கூழ் மெதுவா வழியுற பதத்துல அடுப்ப நிறுத்தி, கை சூடு தாங்குற அளவுக்கு வந்தப்புறம்தான் வினிகர், ஏன்னா கொதிக்கும்போது புளிப்பு சேந்தா கடல்பாசி உறையுற சக்தி போயிடும். பாட்டில்ல ரெண்டு விரல் உயரம் ஊத்தி மெல்லிசு துணி போட்டு ராத்திரி முழுக்க அப்படியே விடுங்க, உள்பக்கம் வேர்த்த தண்ணி காஞ்சாத்தான் ஈ ஒட்டாது. ஈஸ்ட் கடைசில, நல்லா ஆறினப்புறம் ஒரு சிட்டிகை, சூட்டுல போட்டா செத்துடும். கொஞ்சம் தேங்காய் நாரும் போடுங்க, புழு ஏறி கூட்டுப்புழுவா ஒட்டிக்க இடம் வேணும். ஒரு பாட்டிலுக்கு 30 ஈயாவது விடுங்க, புழு நிறைய இருந்து மேல்பக்கத்த உழுதுக்கிட்டே இருந்தா பூஞ்சை பிடிக்காது, அஞ்சாறு ஈய விட்டுட்டு பச்சையா பூத்துடுச்சுன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல.

மே மாசம் நாம பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். 25 டிகிரில முட்டைல இருந்து ஈயா வர பத்து நாள், 30 தாண்டினா ஆண் ஈ மலடாயிடும். நம்ம ஆஸ்பெஸ்டாஸ் ரூம்ல எங்க இருந்து 25 வரும்? பாட்டில் நிறைய ஈ இருக்கும், புழு மட்டும் இருக்காது. சூடு ஏறினா குட்டை இறக்கை ஈக்கு இறக்கை நீளமாவே வளருது, அதுவும் அப்பதான் தெரிஞ்சுது. கடைசில கைகுடுத்தது ஈர மணல் தட்டுதான், மண்பானை பக்கத்துல வெச்சு மேல ஈரச்சாக்கு சுத்தினவங்க வீட்டுல மட்டும் கல்ச்சர் தப்பிச்சுது, அவங்க குடுத்த விதை ஈலதான் ஜூன்ல எல்லாரும் திரும்ப ஆரம்பிச்சோம். வெளி ஈ ஒண்ணு உள்ள போனாலும் அடுத்த தலைமுறையில பறக்கிற ஈ கலந்துடும், துணி மூடும்போது பாத்து மூடுங்க. மைட்னு சொல்ற பொடி உண்ணி வந்த பாட்டில வெயில்ல வெச்சு கொட்டிடுங்க, ஒரு மாசத்துக்கு மேல எதையும் வெச்சுக்காதீங்க.

டிசம்பர்ல மிக்ஜாம் புயல். தண்ணி முழங்கால் தாண்டி வீட்டுக்குள்ள வந்துச்சு, கரண்ட் இல்ல, ஏரேட்டர் நின்னு கோல்டுஃபிஷ், கொய் எல்லாம் நம்ம கண்ணு முன்னாடியே மேல வந்து வாய் பிளந்து செத்துச்சு. அத நெனச்சா இப்பவும் எனக்கு தொண்ட அடைக்குது. ஃபைட்டர் மேல வந்து காத்த எடுத்துக்கும், அதனால நின்னுச்சு. கடை எதுவும் தொறக்காத அந்த நாள்ல என் வீட்டு பரண்ல இருந்த நாலு பாட்டில் ஈதான் அதுங்களுக்கு சோறு, டார்ச் வெளிச்சத்துல பாட்டில தரையில ரெண்டு தட்டு தட்டி, துணிய விலக்கி, ஒவ்வொரு ஜாடியிலயும் பத்து பத்தா போட்டோம், என் பொண்ணு எண்ணிச்சு.

வர்ற ஏப்ரல் முதல் ஞாயிறு எங்க வீட்டுல 5 லிட்டர் காய்ச்சறோம், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர் வீட்டுலயும் ரெண்டு பாட்டிலாவது இருக்கணும், ஒண்ணு போனா இன்னொண்ணு. கழுவி காயவெச்ச பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், பனியன் துணி, ரப்பர் பேண்ட் கொண்டு வாங்க. ரவை, வெல்லம் சங்கக் கணக்கு.

இப்படிக்கு,
செயலாளர்