சித்திரைக்குள் வந்துவிடு

மாசி, 2026

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். இரண்டு வருடமாக நான் எழுதவில்லை; அதற்கான திட்டை நேரில் வந்து திட்டு. இந்தக் கடிதத்தை மட்டும் பாதியில் மூடி வைத்துவிடாதே.

நிலத்தை விற்க உன் அப்பாவே இன்னொருவருக்கு அதிகாரம் கொடுத்ததாக 2018-இல் ஒரு பொது அதிகாரப் பத்திரம் பதிவாகியிருக்கிறது. 2011 ஐப்பசி மழையில் நாம் தோள் கொடுத்துச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனோமே, அதே வாத்தியார், உன் அப்பா, எழுதிக் கொடுத்ததாகத்தான். அந்த அதிகாரத்தை வைத்து 2019-இல் உங்கள் நிலம் கிரயமாகிவிட்டது. வாங்கியவன், நம் நிலங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்த இறால் பண்ணைக்காரரின் தங்கை மகன். பட்டாவும் மாறிவிட்டது.

என் மகளுக்குக் கடன் வாங்குவதற்காக எங்கள் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் பார்த்தேன். பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்க முடிகிறது. அடுத்த எண் உங்களுடையது என்பதால், கை சும்மா இருக்காமல் அதையும் தட்டினேன். மறுநாளே போய்ப் பத்திரத்தின் நகலுக்கு மனுப் போட்டு வாங்கினேன். படத்தில் இருப்பவர் யாரோ ஒரு கிழவர். கையெழுத்துக்குப் பதிலாகக் கைநாட்டு, எழுதத் தெரியாதவராம். நம் இருவருக்கும் 'அ' எழுதிக் கொடுத்த கைக்கு எழுதத் தெரியாது என்று அரசாங்க முத்திரையோடு பதிந்து வைத்திருக்கிறார்கள். அந்த இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

மாப்பிள்ளை, இதில் என் தவறும் இருக்கிறது. நிலத்தைப் பார்த்துக்கொள் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தானே போனாய்? 1994 சித்திரையில் நம் இரண்டு அப்பாக்களும் சேர்ந்து 20 வருடக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தார்கள். மறு வருடமே வெள்ளைப்புள்ளி நோய் வந்து குளம் குளமாக இறால் செத்தது. 1996 டிசம்பரில் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. பண்ணைக்காரர் அரைகுறையாக ஓட்டினார். 2013-க்குப் பிறகு குத்தகைப் பணம் நின்றது. 2014-இல் கெடு முடிந்தது. நான் போய் வேலியைப் பிரித்திருக்க வேண்டும். உப்பேறிய மண், சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது, யார் எடுத்துக்கொண்டு போகப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். கமுதிப் பக்கம் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்த பிறகு இந்த மாவட்டத்துத் தரிசையும் தேடித் தரகர்கள் வருவது தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை.

வக்கீலைப் பார்த்துவிட்டேன். குத்தகை முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து நிலத்தை மீட்க 12 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டுமாம். எண்ணிப் பார். வரும் சித்திரையோடு 12 முடிகிறது. போலிப் பத்திரத்துக்கு அது தெரியவந்த நாளிலிருந்து 3 வருடம் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு அங்கே நிம்மதியாக உட்கார்ந்துவிடாதே. மாவட்டப் பதிவாளரே போலிப் பத்திரத்தை ரத்து செய்ய பதிவுச் சட்டத்தில் 77-ஏ என்று ஒரு பிரிவை 2022-இல் கொண்டுவந்தார்கள் அல்லவா, அந்த வழியில் போகலாமா என்று கேட்டேன். அதைச் செல்லாது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். உரிமையியல் நீதிமன்றத்துக்கே போவோம் என்கிறார். ஆள்மாறாட்டத்துக்குப் போலீஸ் புகார் தனி.

பட்டா மாறிவிட்டதே என்று மனம் தளராதே. பட்டா மட்டுமே உரிமைக்குச் சான்றாகிவிடாது. நம் கையில் அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. பதிவுச் செலவு எதற்கு, வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்வோம் என்று என் அப்பா சொன்னதற்கு, உன் அப்பா பிடிவாதமாக அந்தக் குத்தகையைப் பதிய வைத்தார். அதற்காக ஒரு மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை, நினைவிருக்கிறதா? நிலம் இவர்களுடையது என்று ஒப்புக்கொண்டு குத்தகைக்கு வந்தவர், பிறகு அவர்களுக்கு உரிமை இல்லை என்று வாதாட முடியாதாம். வக்கீல் அதைச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போன வாரம் நிலத்துக்குப் போய் வந்தேன். முள்ளை வெட்டி வெட்டித்தான் நுழைய முடிந்தது. கரையில் மூன்று பனை மட்டும் நிற்கிறது. நீ ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் அழுதாயே, அதுவும் நிற்கிறது. ஒத்தக்கடை மாமாவை ஏணியோடு இப்போதே சொல்லி வைக்கிறேன்.

வரும்போது அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அத்தையின் டிரங்குப் பெட்டியில் இருக்கும் மூலப்பத்திரம் மூன்றும் வேண்டும். அக்காவிடம் நீயே பேசு. அவளும் வாரிசு, அவள் கையெழுத்தும் தேவை. விடுமுறை கிடைக்காது என்று எழுதினால் நானே விமானம் ஏறி வந்து உன்னை இழுத்து வருவேன்.

அப்பாவின் கையெழுத்துக்கு மாதிரி கேட்டார் வக்கீல். அவர் தலைமையாசிரியராகக் கையெழுத்திட்ட என் எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழைக் கொடுத்திருக்கிறேன். உன்னுடையதையும் தேடி எடுத்து வா. ஒன்று போதாது என்கிறார்.

உன்,
மாப்பிள்ளை