சாலிஸ்பரித் தீவுக் கல்லூரிப் படங்களுக்குப் பெயர் சேர்க்க உதவுங்கள்

அன்பார்ந்த பழைய மாணவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாஸ்திரி கல்லூரியில் படித்தவர்களைப் பார்த்தால் நமக்குக் கொஞ்சம் பொறாமைதான். பெயர்தான் கல்லூரி, உண்மையில் 1929-இல் திறந்த பள்ளி, இன்றும் அதே பெயரோடு இருக்கிறது. பேரப்பிள்ளையைக் கூட்டிப்போய், "தாத்தா படித்தது இங்கேதான்" என்று காட்டலாம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாம் படித்தது டர்பன் துறைமுகத்துக்குள் இருந்த சாலிஸ்பரித் தீவில், கடற்படை விட்டுப்போன பழைய கொட்டகைகளில். 1972-இல் கல்லூரி வெஸ்ட்வில் மேட்டுக்குப் போனது. 2004-இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆனது. தீவு மறுபடியும் கடற்படையின் கையில். வாசலில் போய் நின்று, "ஐயா, நான் இங்கே பி.ஏ. படித்தவன்" என்றால் காவலர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்.

இடம் போனது மட்டும் அல்ல சிக்கல். இந்தக் கல்லூரியைச் சொல்லிப் பெருமைப்படலாமா என்றே நம்மில் பலர் வெகுகாலம் தயங்கினோம். 1959-ஆம் வருடச் சட்டம் வெள்ளையர் பல்கலைக்கழகக் கதவுகளை நம் பிள்ளைகளுக்குச் சாத்திய பிறகு, "இந்தியருக்கு" என்று தனியாக ஒதுக்கித் தந்த இடம் அது. 1961-இல் முதலில் சேர்ந்தவர்கள் 114 பேர். போகாதே, புறக்கணி என்று வெளியே குரல். போகாவிட்டால் படிப்பே இல்லை என்று வீட்டில் கவலை. அப்புறம், எதிர்ப்போடு படிப்போம் என்ற நிலைக்கு வந்தோம். கோட்டும் டையும் கட்டாயம் என்ற விதியைக்கூட எரிச்சலோடுதான் பொறுத்துக்கொண்டோம். அந்தக் கல்லூரியை ஏற்படுத்திய அரசாங்கத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அங்கே படித்து வந்தவர்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பிரவின் கோர்தன் மருந்தியல் பட்டம் வாங்கியது இந்தப் பரம்பரையில்தான். பின்னாளில் நாட்டின் நிதியமைச்சர் ஆனார். அவரை ஊருக்கே தெரியும். டர்பனில் நம்மவர் குடியிருப்புகளான சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் முப்பது நாற்பது வருடம் வகுப்பெடுத்து ஓய்ந்த ஆசிரியர்களை யாருக்குத் தெரியும்?

இந்த வேண்டுகோள் அவர்களுக்காகத்தான்.

நமது வருட விருந்தில் ஒரு வழக்கம் உண்டு: தீவில் படித்த ஆண்கள் டை கட்டி வருவார்கள், பிரியாணி இலைக்கு வந்ததும் எல்லோரும் ஒன்றாக அதைக் கழற்றி மேசையில் போடுவார்கள். போன விருந்தில், வீட்டில் கிடக்கும் பழைய படங்களைக் கொண்டுவரச் சொன்னோம். பிஸ்கட் டின், சப்பாத்துப் பெட்டி, ஒருவர் தலையணை உறையிலேகூடக் கொண்டுவந்தார். அதில் ஒரு படம்: படகுத்துறையில் ஐந்து பெண்கள், இருவர் சேலையில், காற்றில் பறக்கும் முந்தானையை ஒருத்தி பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறாள். பின்பக்கம் பென்சிலில், "நான் இடமிருந்து இரண்டாவது" என்று எழுதியிருக்கிறது. அந்த "நான்" யார் என்று கூடத்தில் இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. முதல் வருடம் சேர்ந்தவர்களுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. இனியும் தள்ளிப்போட்டால் கேட்க ஆள் இருக்காது.

ஆகவே மூன்று வேலைகளை எடுத்திருக்கிறோம். படங்களை நல்ல தரத்தில் ஸ்கேன் செய்வது. மூத்தவர்களின் வீட்டுக்கே போய்ப் படங்களைக் காட்டி, அவர்கள் சொல்வதைக் குரலாகப் பதிவு செய்வது. கடைசியில் பெயர்களோடு ஓர் ஆல்பம் அச்சிடுவது. இரண்டாவதுதான் பெரிய வேலை, செலவும் அதிலேதான். பலர் ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன் என்று பிள்ளைகளோடு போய்விட்டார்கள். தமிழை ஒரு பாடமாக எடுத்தவர்கள் சிலர் தமிழிலேயே பேச விரும்புகிறார்கள். அதை எழுத்தாக்கத் தெரிந்த இளைஞர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். சும்மா செய்யச் சொல்வது நியாயம் இல்லை.

மொத்தச் செலவு 85,000 ரேண்ட் என்று கணக்கிட்டிருக்கிறோம். கையில் 31,000 சேர்ந்திருக்கிறது, பெரும்பகுதி பிரியாணி டிக்கெட் விற்ற காசு. இன்னொரு பிரியாணி போடலாமே என்று கேட்பீர்கள். புரட்டாசி வருகிறது, கறி பிரியாணியை யார் வாங்குவார்கள்? காய்கறி பிரியாணிக்கு அந்த விலை சொன்னால் நம் அக்காமார் சண்டைக்கு வருவார்கள்.

நம் பாட்டன்மார் காலத்தில் நேட்டாலில் பல இந்தியப் பள்ளிகள் எழுந்தது இப்படித்தான்: பாதிப் பணத்தை ஊர் போட்டது, பாதியை அரசு கொடுத்தது. கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர்களும் காய்கறி விற்றவர்களும் கொடுத்த காசு அது. இப்போது நமக்குப் பாதி தர அரசு இல்லை. அதனால் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கிறோம். 500 ரேண்ட் ஒருவர் தந்தால் நல்லது. 50 தந்தாலும் ரசீது உண்டு. ஆனால் நாங்கள் வரிவிலக்குச் சான்று தரும் அமைப்பு அல்ல, வருமான வரிக் கணக்கில் அதைக் காட்ட முடியாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பளிங்குக் கல்லில் பெயர் பொறிக்கும் எண்ணமும் இல்லை. கொடுத்தவர் பெயர்கள் தொகை இல்லாமல் அகர வரிசையில் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் வரும்.

வரவு செலவுக் கணக்கை அடுத்த விருந்தில் பொருளாளர் வாசிப்பார். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். பணத்தை இந்தக் கடிதத்தை உங்களிடம் தந்த குழு உறுப்பினரிடமே கொடுங்கள், அல்லது அவரிடம் வங்கி விவரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நவம்பர் 16-க்குள் வந்தால் அச்சகத்துக்கு முன்பணம் கட்டிவிடலாம். பணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வீட்டுப் பரணில் ஒரு தடவை தேடிப் பாருங்கள். படம் கிடைத்தால் பின்பக்கத்தில் புதிதாக எதையும் எழுதாமல் அப்படியே கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
பழைய மாணவர் குழுவினர், டர்பன்