பாடுகிறவன் வராவிட்டாலும்

அன்பு மகனுக்கு,

நலம்தானே? ரொறன்ரோவில் குளிர் தொடங்கியிருக்கும், வடிவாகச் சாப்பிடு.

பள்ளிக்கூடத்தில் உன்னோடு வாசித்த பெடியள் திரும்பவும் ஒன்றுசேர்ந்து ஒரு கச்சேரி வைக்க யோசிக்கிறார்கள் என்று தங்கச்சி சொன்னாள். பாடுகிறவன் வரமாட்டேன் என்றுவிட்டானாம். அவன் இல்லாமல் அது எங்கள் இசைக்குழுவே இல்லை என்று நீயும் விலகி நிற்கிறாயாம். ஃபோனில் இதைக் கதைத்தால் ‘சரி அம்மா, பார்ப்பம்’ என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கதவைச் சாத்திக்கொண்டு நீ போட்ட பங்க் பாட்டெல்லாம் சமையலறையில் எனக்கும் கேட்டது. அதில் என் மனதில் ஒட்டிக்கொண்டவர்கள் அண்டர்டோன்ஸ் என்கிற இசைக்குழு. வட அயர்லாந்தின் டெரி நகரத்துப் பெடியள். 1972 ஜனவரியில் அந்த ஊரில்தான் ஊர்வலம் போன சனத்தைப் பிரித்தானிய இராணுவம் சுட்டு, அன்றைக்கே 13 பேர் செத்தார்கள். சோதனைச் சாவடியும் கவச வாகனமுமாக இருந்த தெருக்களில் வளர்ந்த ஐந்து பேர் எதைப் பற்றிப் பாடினார்கள்? பெட்டைகளைப் பற்றி, சொக்லேற்றைப் பற்றி, கோடை விடுமுறையைப் பற்றி. எல்லாவற்றிலும் முதலாவதாக வந்து மற்றப் பிள்ளைகளின் மானத்தை வாங்குகிற ஒரு மச்சானைப் பற்றிய பாட்டு 1980இல் பிரித்தானியாவின் பாட்டு விற்பனை வரிசையில் 9ஆம் இடம் வரை போனது. எங்கள் ஒழுங்கையில் இருந்து யாரோ எழுதி அனுப்பினது போல இருக்கும் அது. இவர்கள் ஏன் சண்டையைப் பற்றிப் பாடவில்லை என்று கேட்டவர்கள் உண்டு. ஆமிச் சென்றியைத் தாண்டி ரியூசனுக்குப் போன எனக்கு அதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சைக்கிளில் போகும்போது நாங்கள் கதைத்தது இளையராஜா பாட்டும், யார் யாரைப் பார்த்துச் சிரித்தான் என்பதும்தான்.

அவர்கள் கதை உனக்குத் தெரியும். இருந்தாலும் நான் பார்க்கிற மாதிரி ஒருக்கால் கேள். 1978இல் பெல்ஃபாஸ்ட்டில் ரெரி ஹூலி என்கிற இசைத்தட்டுக் கடைக்காரர் தன் சின்னக் கம்பனியில் ‘டீனேஜ் கிக்ஸ்’ பாட்டை வெளியிட்டார். எழுதியவர் குழுவில் கிற்றார் வாசித்த ஜோன் ஓநீல். பிபிசி வானொலியில் ஜோன் பீல் அதைப் போட்டு, முடிந்த கையோடு இன்னொரு தடவை போட்டார். பீல் 2004இல் பெருவில் இறந்தபோது தேவாலயத்தில் அந்தப் பாட்டுத்தான் ஒலித்தது. அதில் ஒரு வரியை அவருடைய கல்லறைக் கல்லிலும் வெட்டியிருக்கிறார்கள், அது அவரே ஆசைப்பட்டது. அந்தப் பாட்டை எழுதும்போது ஜோன் ஓநீலுக்கு இருபது வயதளவில்தான் இருக்கும்!

1983இல் பிரிந்தார்கள். பாடகர் ஃபியர்கல் ஷார்க்கி தனியாகப் போய், 1985இல் ஒரு பாட்டை முதலாம் இடத்துக்கே கொண்டுபோனார். ஓநீல் சகோதரர்கள் வேறொரு குழு தொடங்கினார்கள். பேஸ் கிற்றார் வாசித்த மைக்கல் பிராட்லி ஊரில் பிபிசியின் ஃபொய்ல் வானொலியில் வேலைக்குப் போனார். 1999இல் நாலு பேர் திரும்பச் சேர்ந்தார்கள். ஃபியர்கல் வரவில்லை.

அப்போது அவர்கள் என்ன செய்தார்கள் என்று யோசி. ஃபியர்கல் மனம் மாறட்டும் என்று காத்துக்கொண்டு இருக்கவில்லை. தங்கள் ஊர்க்காரர் போல் மக்லூனைப் பாடக் கூப்பிட்டார்கள். அந்தத் துடிக்கிற குரலுக்குப் பதிலாக நிற்பது லேசுப்பட்ட வேலையா? மேடையில் ஒவ்வொரு இரவும் சனம் ஒப்பிட்டுப் பார்க்கும். மனிசன் அஞ்சாமல் நின்றார். 2003இலும் 2007இலும் புதுப் பாட்டுகளோடு இரண்டு இசைத்தட்டுப் போட்டார்கள், இரண்டாவதை நீயே வாங்கி வந்தாய். பழைய பாட்டை மட்டும் பாடியிருந்தாலும் மண்டபம் நிறைந்திருக்கும். ஆனாலும் புதிதாக எழுதினார்களே, அதனால்தான் எனக்கு அவர்கள்மேல் இவ்வளவு மரியாதை.

நீ கனடாவுக்குப் போன பிறகு லண்டனில் அவர்கள் வாசித்தபோது நானும் அப்பாவும் போனோம். முன்வரிசையில் எல்லாம் நரைத்த தலைகள். எனக்குப் பக்கத்தில் நின்ற மனிசி என் வயதுதான் இருக்கும், பாட்டுக்குப் பாட்டு ஒரு சொல் பிசகாமல் பாடினாள். நான் பார்த்துக்கொண்டே நின்றது ஜோன் ஓநீலின் வலது கையை. மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே, ஒரே சீராக, பாட்டு முடியுமட்டும் நிற்கவே இல்லை. தனி வாசிப்பு எல்லாம் தம்பி டேமியனுக்குத்தான். அண்ணர் ஒரு ஓரத்தில் நின்று பாட்டைத் தாங்கிக்கொண்டே இருந்தார். உங்கள் குழுவில் நீயும் அப்படித்தான் வாசித்தாய், நினைவிருக்கிறதா?

ஃபியர்கல் பற்றியும் சொல்லவேண்டும். தூண்டில் போடுகிற மனிதர் அவர். இப்போது இங்கிலாந்தின் ஆறுகளுக்காக ஓயாமல் போராடுகிறார், ஆற்றுக்குள் கழிவுநீரைத் திறந்துவிடுகிற தண்ணீர்க் கம்பனிகளை ரீவியில் வந்து கேள்வி கேட்கிறார். அவர் வேறு எதையோ நேசிக்கத் தொடங்கிவிட்டார். அதற்காக அவரில் குறை சொல்ல என்ன இருக்கிறது? உன் சிநேகிதனும் அப்படித்தான். அவனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், இரவு வேலை. மாட்டேன் என்று அவன் சொன்னதை நீங்கள் எல்லோரும் கோபம் என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கென்றால் அது களைப்பாகத்தான் படுகிறது.

செக்ஸ் பிஸ்டல்ஸ் என்கிற பங்க் குழு 1996இல் திரும்பச் சேர்ந்தது பணத்துக்கு. அதை அவர்களே மறைக்கவில்லை, சரி, அதுவும் ஒரு காரணம். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, மண்டப வாடகைக்கே நீங்கள்தான் காசு போடவேண்டி வரும்.

ஆனால் த கிளாஷ் என்கிற இன்னொரு பங்க் குழுவின் கதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. கிற்றார் வாசித்த மிக் ஜோன்ஸை 1983இல் குழுவில் இருந்து விலக்கினார்கள். அதற்குப் பிறகு கனகாலம் அவரும் பாடகர் ஜோ ஸ்ட்ரமரும் மேடையில் சேரவில்லை. 2002 நவம்பரில், இங்கே பக்கத்தில் லண்டன் அக்ரன் நகர மண்டபத்தில், தீயணைப்புத் தொழிலாளருக்காக ஜோ தன் புதுக் குழுவோடு வாசித்தார். பார்க்க வந்திருந்த மிக் பாட்டு நடுவில் மேடைக்கு ஏறி, கிற்றாரைக் கொளுவிக்கொண்டு வாசிக்கத் தொடங்கிவிட்டார். முன்கூட்டி யாரும் பேசி வைத்தது இல்லை. அடுத்த மாதம் 22ஆம் திகதி ஜோ வீட்டில் இறந்துபோனார். பிறந்ததில் இருந்தே இருதயத்தில் ஒரு குறை இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியாது. வயது 50. அக்ரனில் அந்த இரவு மிக் எழும்பிப் போகாமல் இருந்திருந்தால் அவர்கள் இரண்டு பேருக்கும் அதுகூடக் கிடைத்திராது.

உன்னைப் பயப்படுத்த இதைச் சொல்லவில்லை ராசா. நீங்கள் எல்லாம் முப்பது தாண்டின பிள்ளைகள், நல்ல சுகமாக இருக்கிறீர்கள். ஆனால் எல்லாரும் ஓம் என்றால்தான் செய்வோம் என்று நின்றால் ஒருநாளும் நடக்காது. கலியாணம், பிள்ளை, வேலை, விசா என்று ஒவ்வொரு வருசமும் யாரோ ஒருத்தருக்கு ஏதோ ஒன்று வரும். ட்ரம்ஸ் அடிக்கிற பெடியனை அண்மையில் கடையில் கண்டேன். ‘அன்ரி, உங்கட மகன் வந்தால் நான் வேலைக்கு லீவு போடுவன்’ என்றான். நீ வருவாய் என்று அவ்வளவு நம்பிக்கை அவனுக்கு. உன் ஒரு சொல்லுக்குத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

பாட ஆள் வேண்டுமென்றால் தங்கச்சியைக் கேள். உங்கள் பாட்டெல்லாம் அவளுக்கு மனப்பாடம், குரலும் இருக்கிறது, உன்னிடம் கேட்க வெட்கப்படுகிறாள். புதுசாக ஒரு பாட்டாவது எழுதுங்கள்.

வரமாட்டேன் என்றவனுக்கு நீயே ஒரு மெசேஜ் போடு. வா என்று நெருக்காதே. திகதியையும் இடத்தையும் மட்டும் சொல்லு, பிள்ளைகளோடு வந்தால் அவர்களை நான் பார்த்துக்கொள்வேன் என்றும் சொல்லு. உன் கிற்றார் அம்ப் மேல் அறையில்தான் இருக்கிறது, அப்பா போட்டுப் பார்த்தார், வேலை செய்கிறது. விமான ரிக்கற் விலை ஈஸ்ரரோடு ஏறிவிடும், இந்தக் கிழமைக்குள் பதிவு செய்துவிட்டு எனக்குச் சொல்லு.

அன்புடன்,
அம்மா